ஆட்சி மாறினால் செயலாளர்கள் ஏன் மாற வேண்டும்?

மணப்பாறை மாணவி:

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசுப் பணிகள் பற்றிய அரசியலமைப்புப் பிரிவுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் செய்தித்தாளைப் பிரித்தால் வேறு உலகம் தெரிகிறது. புதிய அரசு வந்ததும் முதல்வரின் செயலாளர்கள் மாறுகிறார்கள். அடுத்துத் தலைமைச் செயலாளர், சென்னை மாநகரக் காவல் ஆணையர், பிறகு மாவட்ட ஆட்சியர்கள் என்று பட்டியல் பட்டியலாக ஆணைகள் வருகின்றன. போன ஆட்சியில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் ஓரத்துக்குப் போகிறார்கள்.

என் அப்பா கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். "நீ கண் விழித்துப் படித்து உள்ளே போவாய். உனக்கு மேலே யார் உட்காருவது என்பதை எந்தத் தேர்வும் முடிவு செய்யாது" என்கிறார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் வரவில்லை.

தலைமைச் செயலாளர், டிஜிபி (மாநிலக் காவல்துறைத் தலைவர்) போன்ற பதவிகளுக்கு ஆளை யார், எந்த விதிப்படி தேர்ந்தெடுக்கிறார்கள்? பணிமூப்பு வரிசையில் முதலில் இருப்பவருக்கே கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தனக்கு நம்பிக்கையானவரை வைத்துக்கொள்வது தவறா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சந்தைப்பேட்டைக்காரன்:

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் ஒரு தாசில்தாரை மாற்றுவதற்கே ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் சென்னைக்குப் போய் வருகிறார். தலைமைச் செயலாளரை மட்டும் தராசு வைத்தா நிறுத்து எடுப்பார்கள்? தேர்வு உங்களைப் போன்றவர்களுக்கு. பதவி வேண்டியவர்களுக்கு. படியுங்கள், தேறுங்கள், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கோப்பு:

சந்தைப்பேட்டைக்காரரே, பாதியைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அந்தப் பாதியை மட்டும் படித்தால் இந்தப் பெண் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

நான் அரசுத் துறை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, பிரிவு அலுவலராகி, சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி அல்லன். அவர்கள் கையெழுத்திடும் கோப்புக்குக் குறிப்பு எழுதியவன். என் கையெழுத்துக்கு மேலே வந்து போன கையெழுத்துகள் நிறைய.

அம்மா, கேள்வியைத் தேர்வா, சிபாரிசா என்று வைத்துக்கொண்டால் விடை கிடைக்காது. ஒரு துறைச் செயலாளர் பதவி காலியாகிறது, ஐந்து பேர் பெயர் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் ஒன்றியத் தேர்வாணையமான யூபிஎஸ்சியின் தேர்வில் தேறியவர்கள், அல்லது உங்களைப் போல மாநிலப் பணியில் சேர்ந்து பதவி உயர்வில் வந்தவர்கள். தேர்வு எழுதாத எவரும் அந்த ஐவரில் இல்லை. அந்த ஐவரில் யாரை எங்கே, எத்தனை நாள் வைப்பது என்பதில்தான் எல்லா விளையாட்டும் நடக்கிறது. நுழைவாயிலில் இருக்கும் காவல் உள்ளே இல்லை.

தலைமைச் செயலாளரை யார் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டீர்கள். முதல்வர்தான். தேர்வுக் குழு கிடையாது, பெயர்ப்பட்டியல் கிடையாது, இன்ன காரணத்தால் இவர் என்று கோப்பில் எழுதவேண்டிய கட்டாயமும் கிடையாது. 2021 மே மாதத்தில் அண்ணா மேலாண்மை நிலையத்தின் இயக்குநராக ஓரமாக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி இறையன்பு தலைமைச் செயலாளராக்கப்பட்டார். கட்சி வேறுபாடில்லாமல் பலரும் வரவேற்றார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவரை அத்தனை காலம் அந்த ஓரத்தில் வைத்திருந்ததும் ஒரு முதல்வரின் விருப்பம், அங்கிருந்து அழைத்ததும் இன்னொரு முதல்வரின் விருப்பம். இரண்டுக்கும் விதி ஒன்றே: விதி இல்லை என்பது.

இதே தலைமைச் செயலாளர் பதவியைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு நம்முடையதுதான். சட்டக் கல்லூரிகளில் ராயப்பா வழக்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஈ.பி. ராயப்பா 1969 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரானார். 1971 ஏப்ரலில், தேர்தல் முடிந்த கையோடு, மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவராக மாற்றினார்கள். அவர் விடுப்பில் போனார். 1972 ஜூனில் விற்பனை வரிச் சட்டங்களைத் திருத்துவதற்கான தனி அலுவலராக நியமித்தார்கள். சம்பளம் குறையவில்லை, அந்தஸ்தும் குறையவில்லை என்று காகிதம் சொன்னது. அவருடைய இடத்துக்கு அவருக்கு இளையவர் ஒருவர் வந்தார். ராயப்பா நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போய், முதல்வர் கருணாநிதி உள்நோக்கத்தோடு தன்னை மாற்றினார் என்று வழக்குப் போட்டார்.

1973 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ராயப்பா தோற்றார். உள்நோக்கம் என்று குற்றஞ்சாட்டுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமை பெரிது, இங்கே அது நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அதிகாரம் மனம்போன போக்கில் செலுத்தப்பட்டால் அதுவே சமத்துவத்துக்கு எதிரானது என்பது ஒன்று. சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவைப் பற்றிய பிற்காலத் தீர்ப்புகள் பலவும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. தலைமைச் செயலாளர் பதவி மிகுந்த நம்பிக்கைக்குரிய பதவி, அவருக்கும் முதல்வருக்கும் இடையே முழு இணக்கம் இருந்தால்தான் நிர்வாகம் ஓடும் என்பது மற்றது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதில் இது: நம்பிக்கையானவரை வைத்துக்கொள்வது தவறில்லை.

நானும் அதை ஏற்கிறேன். முகம் கொடுத்துப் பேசாத முதல்வரும் தலைமைச் செயலாளரும் இருந்தால் கீழே எங்கள் மேசைகளில் கோப்பு மலையாகக் குவியும், பார்த்திருக்கிறேன். ஆனால் தலைமைச் செயலாளருக்குச் சொன்ன நியாயத்தை நகராட்சி ஆணையர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொள்கை வகுக்கும் இடத்தில் இணக்கம் வேண்டும். டெண்டர் திறக்கும் இடத்தில் யாருக்கு யாரோடு என்ன இணக்கம் வேண்டும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர், துறை, ஆண்டு வேண்டாம். எங்கள் துறையில் கொள்முதல் கோப்பு ஒன்று வந்தது. இரண்டு நிறுவனங்கள்தான் விலைப்புள்ளி கொடுத்திருந்தன, இரண்டுக்கும் முகவரியில் கதவு எண் மட்டும்தான் வேறுபாடு. நான் குறிப்பில் அதை எழுதினேன். அன்றைய செயலாளர் அதிகம் பேசாதவர், காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். என் குறிப்புக்குக் கீழே நான்கே வரியில் மறு டெண்டர் கோரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலே போன கோப்பு திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிகிற நேரத்தில் அவருடைய மாற்றல் ஆணைதான் வந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, விளக்கம் கேட்கவில்லை, 17(பி) என்னும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கவில்லை. கார் இருந்தது, அறை இருந்தது, பெயருக்கு ஒரு நேர்முக உதவியாளர் இருந்தார், கோப்புதான் இல்லை. திங்கட்கிழமை வந்த புதியவர் பழையவரைவிடத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவராகக்கூட இருக்கலாம். கெட்டிக்காரர், ஆங்கிலக் குறிப்பு முத்து முத்தாக எழுதுவார். அவர் 'விவாதிக்கப்பட்டது' என்று ஒரு சொல் எழுதினார், கோப்பு நகர்ந்தது.

தகுதி தோற்றது என்று இதைச் சொல்ல முடியுமா? இரண்டு பேருக்கும் தகுதி இருந்தது. ஒருவரை ஒரே மாலையில் தூக்கிவிடலாம் என்பதை மற்றவர் தெரிந்துவைத்திருந்தார். அவ்வளவுதான் வேறுபாடு. ஹரியானாவில் அசோக் கேம்கா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஐம்பது தடவைக்கு மேல் மாற்றப்பட்டு 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். இங்கே ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தின் கதை ஊருக்கே தெரியும். கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014இல் சென்னை உயர் நீதிமன்றமே அவரை நியமித்தது. அரசு அவருக்குக் கொடுத்து வைத்திருந்தது அறிவியல் நகரத்தின் துணைத் தலைவர் பதவி. அங்கிருந்தபடியே விருப்ப ஓய்வில் போனார். லட்சுமி ஐயர், ஆனந்தி மணி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு பதவியில் இருக்கும் காலம் சராசரியாகப் பதினாறு மாதம்தான். முக்கியமான பதவிக்குப் போக இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்று திறமை, மற்றது விசுவாசம் என்றும் அவர்கள் எழுதினார்கள். எங்கள் அலுவலக உணவகத்தில் இதை எல்லாரும் ஆய்வு இல்லாமலே சொல்வோம்.

இனி டிஜிபி. இந்தப் பதவிக்கு விதி இருக்கிறது, அதனால்தான் விதியை எப்படி வளைக்கிறார்கள் என்று பார்க்கலாம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: யூபிஎஸ்சி பரிசீலித்துக் கொடுக்கும் மூன்று மூத்த அதிகாரிகளின் பெயர்களிலிருந்து ஒருவரை மாநில அரசு தேர்ந்தெடுக்க வேண்டும், ஓய்வு வயது வந்தாலும் அவர் குறைந்தது இரண்டு ஆண்டு பதவியில் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. மூவரும் மூத்தவர்கள், மூவரின் பணிப்பதிவேடும் பார்க்கப்பட்டது, அதற்குள் அரசுக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ளட்டும். தகுதியும் நம்பிக்கையும் ஒரே இடத்தில் சமாதானமாகின்றன.

மாநிலங்கள் என்ன செய்தன? இரண்டு ஆண்டு உத்தரவாதத்தையே பரிசாக்கின. ஓய்வு பெறும் நாளன்று ஒருவரை முழு டிஜிபியாக்கினால் அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் 2017 ஜூன் 30 அன்று இப்படித்தான் நடந்தது. அரசியல் தலையீட்டிலிருந்து அதிகாரியைக் காக்க எழுதிய விதி, அரசுக்குக் கடன்பட்டவராக அவரை ஆக்கும் விதியாகிவிட்டது. 2019இல் நீதிமன்றம், குறைந்தது ஆறு மாதப் பணிக்காலம் மீதமுள்ளவர்களையே பரிசீலிக்க வேண்டும் என்று அந்த ஓட்டையை அடைத்தது.

அடுத்த ஓட்டை 'பொறுப்பு'. யூபிஎஸ்சிக்குப் பட்டியலைத் தாமதமாக அனுப்பு, அல்லது அனுப்பாதே. பதவி காலியானதும் வேண்டியவரைப் பொறுப்பு டிஜிபியாக உட்காரவை. பொறுப்பு என்ற ஏற்பாடே கூடாது, காலியாவதற்கு மூன்று மாதம் முன்பே பட்டியலை அனுப்பு என்று 2018 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் 2022 மே மாதத்துக்குப் பிறகு அடுத்தடுத்துப் பொறுப்பு டிஜிபிகளாகவே வந்தார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் நம் டிஜிபி ஓய்வு பெற்றபோது இங்கும் பொறுப்பு டிஜிபிதான். அங்கே ஒரு கட்சி, இங்கே இன்னொரு கட்சி. ஆகவே இதில் கட்சி பார்த்துக் கோபப்படாதீர்கள்.

பொறுப்பில் இருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நாளைக்குக் காலை வேறொருவர் வரலாம். அப்படி இருப்பவரிடம் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வந்தால் அவர் என்ன பதில் சொல்வார்?

பணிமூப்பு வரிசையே போதாதா என்றால், போதாது. முதலில் இருப்பவர் பல நேரம் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுபவர். அவர் பாராட்டு விழாவுக்கு நாள் குறிப்பாரா, துறையைப் பார்ப்பாரா? வரிசை ஒன்றுக்குத்தான் பயன்படும்: வரிசையைத் தாண்டும்போது தாண்டியவர் காரணம் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், தாண்டுவது சற்றுக் கூச்சமாக இருக்கும். அந்தக் கட்டாயம்தான் இப்போது இல்லை.

எடிசன் தமிழன்:

பழைய கோப்பு ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். இருந்தாலும் ஒரு மறுப்பு. நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே அதிபர் மாறினால் ஏறத்தாழ 4,000 பதவிகளில் அவருடைய ஆட்கள் வருகிறார்கள். அவற்றில் சுமார் 1,200 பதவிகளுக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். எந்தெந்தப் பதவிகள் என்ற பட்டியலை அரசே வெளியிடுகிறது. நடுநிலை அதிகாரி என்று யாரும் நடிப்பதில்லை. ஆட்சி போனால் இவர்களும் போய்விடுவார்கள், அடுத்த ஆட்சியில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்குவதில்லை. நம் ஊர் முறையைவிட இது நேர்மையாகத் தோன்றவில்லையா?

இதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். 1881இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டவன், தேர்தலில் கட்சிக்காக உழைத்தேன், பாரிஸில் தூதரகப் பதவி கொடுங்கள் என்று அலைந்தவன். அந்தக் கொலைக்குப் பிறகுதான் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, பத்தில் ஒரு பங்கு வேலைகளையாவது தேர்வின் கீழ் கொண்டுவந்தார்கள். 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவராக இருந்தவர், அந்த முகமைக்கு வருமுன் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் வேலை பார்த்தவர். அதிபருக்கு வேண்டியவரின் நண்பர். வெள்ளம் வடிவதற்குள் பதவி விலகினார். ஆனால் பாருங்கள், அவர் யார் சொல்லி வந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் பழி அதிபர் மேலேயே விழுந்தது.

யாழ் வாசகன்:

வணக்கம் ஐயா. விதி இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு எங்கள் இலங்கை நாட்டு அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் பொதுச் சேவை ஆணைக்குழு சுயாதீனமாக இருந்தது. 1972 அரசியலமைப்பு அரச உத்தியோகத்தர்களின் நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம் அனைத்தையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. அதன்பின் ஒரு பாடசாலைச் சிற்றூழியர் வேலைக்கும் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு போவது வழக்கமாகியது. 2001இல் 17ஆம் திருத்தம் வந்து, அரசியலமைப்புப் பேரவை பெயர் சொன்னவர்களையே சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு ஜனாதிபதி நியமிக்கலாம் என்றது. அருமையான திருத்தம். 2005இல் பேரவையின் காலம் முடிந்தது, புதிதாக அமைக்காமலே விட்டுவிட்டார்கள். 2010இல் 18ஆம் திருத்தம் அதை அகற்றியது. 2015இல் 19ஆம் திருத்தம் மீளக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் மறுபடி பறித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் திருப்பிக் கொடுத்தது. இதற்குள் ஓர் உத்தியோகத்தர் தன் சேவைக்காலத்தை முடித்துவிடுவார்.

எடிசன் அண்ணாவின் யோசனைக்கும் எங்களிடம் சிறிய முன்மாதிரி உண்டு. அமைச்சுச் செயலாளர்களை ஜனாதிபதியே நியமிக்கிறார். அமைச்சரவை கலைந்தால் அவர்களுடைய பதவியும் முடிகிறது. வெளிப்படையாகத்தான் இருக்கிறது. அதனால் தரம் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

மணப்பாறை மாணவி:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் ராயப்பா வழக்கைப் படித்துக் காட்டினேன். "தோற்றுப்போனார் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

பழைய கோப்பு ஐயா, இரண்டு கேள்விகள். ஓய்வுக்குப் பிறகு கொடுக்கும் பதவிகள் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லையே? இரண்டாவது, நாளைக்கு நான் தேறி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் சொன்ன அந்த இரவுத் தொலைபேசி எனக்கு வந்தால் என்ன செய்வது?

பழைய கோப்பு:

எடிசன் தம்பிக்கு முதலில். பழி யார் மேல் விழும் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் முடிவு அமைச்சருடையது, கையெழுத்து அதிகாரியுடையது, வழக்கு வந்தால் கூண்டில் ஏறுபவர் பிரிவு எழுத்தர். ஆனால் 4,000 பேரை வெளியிலிருந்து கொண்டுவருவது நமக்கு ஆகாது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 45 மேல்பதவிகளுக்கு நேரடியாக வெளியாட்களை எடுக்க விளம்பரம் செய்து, இட ஒதுக்கீடு எங்கே என்ற கேள்வி எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்தக் கேள்வி நியாயமானது. தேர்வு என்ற வாசலை நம் மக்கள் இத்தனை தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், அந்த ஒரு வாசலில்தான் யாருடைய மகன் என்று கேட்காமல் உள்ளே விட்டார்கள்.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது என்னைச் சற்று அடக்கிவிட்டது. விதியை எழுதுகிறவர்களே அதை அழிக்கவும் செய்யலாம் என்றால் நான் மேலே எழுதியதில் பாதி பலம் போய்விடுகிறது. இங்கே நமக்கு இருக்கும் ஒரே வசதி, டிஜிபி விதியை எழுதியது நீதிமன்றம், சட்டமன்றம் இல்லை. அதையே எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதைத்தான் பார்த்தோமே.

அம்மா, ஓய்வுக்குப் பிந்தைய பதவிகளை விட்டுவிட்டேன் என்று பிடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் மாற்றலைவிட இது வலிமையான கயிறு. மாற்றலுக்கு அஞ்சாதவர்களையும் கடைசி இரண்டு ஆண்டில் இது கட்டிவிடுகிறது. தகவல் ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மாநிலத் தேர்தல் ஆணையர் என்று ஓய்வு பெற்ற மூத்த அதிகாரிகளுக்கு இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அனுபவசாலிகள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதவியை எதிர்பார்க்கிற ஒருவர் ஐம்பத்தெட்டாவது வயதில் அமைச்சரின் கோப்பில் மாற்றுக் கருத்து எழுதுவாரா? நீட்டிப்பும் இப்படித்தான். தலைமைச் செயலாளருக்கு ஒன்றிய அரசின் ஒப்புதலோடு ஆறு மாதம் வரை நீட்டிப்பு தரலாம். தில்லியில் அமலாக்கத் துறை, சிபிஐ இயக்குநர்களுக்கு ஓராண்டு ஓராண்டாக மொத்தம் ஐந்து ஆண்டு வரை நீட்டிக்க 2021இல் சட்டமே திருத்தினார்கள். ஒரே தடவையில் ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தால் அது பாதுகாப்பு. ஆண்டுக்கு ஒரு தடவை என்றால் ஆண்டுக்கு ஒரு தடவை கைகட்டி நிற்க வேண்டும்.

அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 319ஆம் பிரிவைப் படித்திருப்பீர்கள், தேர்வுக்காக. மறுபடி எடுத்துப் படியுங்கள். தேர்வாணைய உறுப்பினர் பதவிக்காலம் முடிந்தபின் வேறு அரசு வேலைக்குப் போக முடியாது, தேர்வாணையங்களிலேயே கிடைக்கும் சில பதவிகள் மட்டும் விலக்கு. தலைமைக் கணக்குத் தணிக்கையருக்கும் 148ஆம் பிரிவில் இதே தடை. தலைமைச் செயலாளருக்கும் டிஜிபிக்கும் அந்தத் தடை இல்லை. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியாவது வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எல்லாக் கட்சியும் ஒன்றாக எதிர்க்கும்.

தேர்வாணையம் என்றதும் இன்னொன்று, உங்களுக்கு நேரடியாக வேண்டியது. நேர்முகத் தேர்வில் உங்கள் எதிரே உட்காருபவர்களை யார் நியமிக்கிறார்கள்? அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர். உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பத்து ஆண்டு அரசுப் பணி செய்தவர்களாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர 316ஆம் பிரிவில் தகுதி எதுவும் சொல்லவில்லை. பஞ்சாபில் அரசியலில் இருந்த ஒரு வழக்கறிஞரை 2011இல் தேர்வாணையத் தலைவராக்கினார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2013இல் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. நம் டிஎன்பிஎஸ்சியில் 2016 ஜனவரியில் ஒரே மூச்சாக நியமித்த 11 உறுப்பினர்களின் நியமனத்தை, தேர்ந்தெடுத்த முறை சரியில்லை என்று அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ராயப்பா தோற்றார் என்று அப்பா சொன்னாரல்லவா? மேல்பதவிக்கு ஆள் போடும் அரசை நீதிமன்றம் கேள்வி கேட்டு நிறுத்தியதும் உண்டு என்று இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

இனி இரவுத் தொலைபேசி. 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாய்மொழி உத்தரவை அதிகாரிகள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, அமைச்சரவைச் செயலாளராக இருந்தவரும் அவரைப் போன்ற ஓய்வு பெற்ற அதிகாரிகளும். அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் 1968இல் 3(3)ஆம் விதி இன்னும் தெளிவு: மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாயால் சொல்ல நேர்ந்தால் சொன்னவர் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், கேட்டவரும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

நடைமுறையில் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. தொலைபேசியில் "சரி, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு குறிப்பு: 'நேற்று இரவு இன்ன நேரத்தில் தொலைபேசி வாயிலாகத் தெரிவிக்கப்பட்ட அறிவுரையின்படி, இப்பொருள் குறித்து மேல்நடவடிக்கை தொடர எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டப்படுகிறது.' யார் பேசினார் என்ற பதவிப்பெயரை எழுதுங்கள், சொந்தப் பெயரை வேண்டாம். பணிவான சொற்களைத் தாராளமாகப் போடுங்கள், செலவில்லை. கோப்பு எண்ணிட்டு, பக்க எண்ணிட்டு, உங்கள் பிரிவு எழுத்தர் வழியாகவே முறைப்படி அனுப்புங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் கோப்புக்குப் பதில் வராது, சொன்ன வேலையையும் மறுபடி யாரும் நினைவூட்டமாட்டார்கள். சில நேரம் பதிலுக்கு மாற்றல் ஆணை வரும். பெட்டியைக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

முதன்மைத் தேர்வு நெருங்குகிறது என்று நினைக்கிறேன். இந்தத் தீர்ப்புகளின் ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.